குவியலின் கோணம்: மருந்துத் தூளை அளக்கக் கற்ற கதை

ஒரு பனடோல் அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு குளிசையிலும் 500 மில்லிகிராம் பரசிட்டமோல் என்று பின்பக்கம் அச்சடித்திருக்கும். நாங்கள் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. மூலையில் இருக்கிற குளிசையிலும் நடுவில் இருக்கிற குளிசையிலும் ஒரே அளவு மருந்துதான் இருக்கிறது என்று நம்பித்தான் தண்ணீரோடு விழுங்குகிறோம். ஆனால் அதை அச்சடித்த இயந்திரம் ஒவ்வொரு குளிசைக்கும் மருந்தைத் தராசில் நிறுத்துப் போடவில்லை. கடையில் சுண்டால் அரிசி அளப்பது போல, ஒரு குழியை நிரப்பி மேலே வழித்துவிட்டுப் போகிறது. அவ்வளவுதான்.

சுண்டால் அளப்பதில் இருக்கிற கள்ளம் எங்கட அம்மம்மாமாருக்கு நல்லாத் தெரியும். அரிசியை மெல்லச் சொரிந்து அளந்தால் குறையப் பிடிக்கும். தட்டிக் குலுக்கி அளந்தால் அதே சுண்டுக்குள் இன்னும் ஒரு பிடி போகும். குளிசை இயந்திரத்திலும் இதே பிரச்சினைதான். சுற்றுகிற ஒரு உருக்குத் தட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். மேலே ஒரு புனல் தொட்டி. தட்டுச் சுற்றச் சுற்ற ஒவ்வொரு துளையும் தூளால் நிரம்பும். பிறகு மேலும் கீழுமாக இரண்டு தண்டுகள் அதை அமுக்கிக் குளிசையாக்கும். பெரிய இயந்திரங்கள் மணித்தியாலத்துக்கு இலட்சக்கணக்கில் அடிக்கும். ஒரு துளை நிரம்புவதற்குக் கிடைப்பது ஒரு செக்கனின் மிகச் சிறிய பங்கு. அதற்குள் தூள் ஓடிவந்து விழவேண்டும். தூள் தயங்கினால் அந்தக் குளிசையில் மருந்து குறையும். குலுங்கி இறுகிக் கிடந்தால் கூடும்.

ஆகவே மருந்துத் தொழிற்சாலையில் ஒரு கேள்வி எப்பவும் இருக்கிறது: இந்தத் தூள் எவ்வளவு நல்லா ஓடும்? அந்தக் கேள்விக்கு ஒரு இலக்கம் தேடின கதையை எழுதத்தான் நாங்கள் உட்கார்ந்தோம். மருந்தாளர்களின் கதை ஒன்றை எதிர்பார்த்தோம். வாசிக்க வாசிக்க வந்தவர்களோ ஒரு ஓவியர், ஒரு கோட்டை கட்டியவர், ஒரு தானியக் களஞ்சியப் பொறியியலாளர், நாடு விட்டுப் போன ஒரு போலந்துக்காரர்.

பென்சிலில் இருந்து குளிசைக்கு

வில்லியம் புறொக்கடன் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஒரு மணிக்கூட்டுக்காரரின் மகனாகப் பிறந்தவர். தொழில் ஓவியம். அல்ப்ஸ் மலைக் கணவாய்களை வரைந்து புத்தகம் போட்டவர். ஓவியருக்கு நல்ல பென்சில் வேண்டும். இங்கிலாந்தின் பொறோடேல் சுரங்கத்தில் கிடைத்த சுத்தமான காரீயம் அருகிக்கொண்டு வந்தது. தூளும் துண்டுமாகக் கழிந்ததுதான் மிச்சம். அந்தத் தூளை அமுக்கித் திரும்பவும் கட்டியாக்க முடியுமா என்று அவர் முயன்றார். முடிந்தது. 1843 இல் அவர் எடுத்த காப்புரிமை குளிசை, இனிப்பு வில்லை, பென்சில் காரீயம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிறது: அச்சுக்குள் தூளைப் போட்டு அமுக்கி வடிவமாக்குவது. அவர் செய்த முதல் மருந்துக் குளிசைகளில் ஒன்று பொட்டாசியம் இருகாபனேற்று.

அதுவரைக்கும் மாத்திரை என்றால் மருந்தைப் பசையோடு பிசைந்து, கயிறாகத் திரித்து, வெட்டிக் கையால் உருட்டுவது. அது மாவைப் பிசைகிற வேலை. தூள் ஓடவேண்டிய தேவை அதில் இல்லை. புறொக்கடனின் கைஅச்சிலும் இது பெரிய சிக்கலாக இருந்திருக்காது, ஏனென்றால் ஒவ்வொரு தரமும் மனிதன் பார்த்துப் பார்த்து நிரப்பலாம். வேகம் வந்தபோதுதான் வில்லங்கமும் வந்தது. 1870களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சுழலும் குளிசை இயந்திரம் உருவானது. 1884 இல் லண்டனின் பறோஸ் வெல்கம் நிறுவனம் தன் அமுக்கிய குளிசைகளுக்கு ‘டாப்லொயிட்’ என்று பெயர் பதிந்தது. சின்னதாக அமுக்கிய செய்திகளைப் போடுகிற பத்திரிகைகளுக்கு டாப்லொயிட் என்ற பெயர் பின்னாளில் அங்கிருந்துதான் போனது.

கோட்டைச் சுவரும் களஞ்சியமும்

குளிசைக்காரர் இயந்திரத்தைத் தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், தூளும் மணலும் எப்படி நடக்கும் என்ற அறிவு வேறு இடங்களில் வளர்ந்திருந்தது.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குக் கூலோம் என்றால் மின்னேற்றம்தான் ஞாபகம் வரும். அதற்கு முதல் அவர் ஒரு இராணுவப் பொறியியலாளர். 1764 இல் பிரான்ஸ் அவரைக் கரிபியனில் இருக்கிற மார்டினிக் தீவுக்கு அனுப்பியது. கரும்புத் தோட்டமும் அடிமை முறையுமாக இருந்த குடியேற்றத் தீவு அது. எட்டு வருடம் அங்கே கோட்டை கட்டி, உடம்பு கெட்டுத் திரும்பினார். 1773 இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு அவர் கொடுத்த கட்டுரையின் கேள்விகளில் ஒன்று, மண் நிரப்பிய சுவரை அந்த மண் எவ்வளவு விசையோடு தள்ளும் என்பது. அவருடைய விடை இன்றைக்கும் நிற்கிறது. மண் சரிவதை எதிர்ப்பவை இரண்டு. ஒன்று, துணிக்கைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும் ஒட்டு. மற்றது, மேலே இருக்கிற அழுத்தத்தோடு கூடுகிற உராய்வு.

காய்ந்த மணலில் ஒட்டு இல்லை, உராய்வு மட்டும். அதனால் மணலைக் கொட்டினால் ஒரு குறிப்பிட்ட சரிவில் வந்து நிற்கும். சாய்தளத்தில் வைத்த கட்டை எந்தக் கோணத்தில் வழுக்கத் தொடங்கும் என்று இணைந்த கணிதத்தில் நாங்கள் செய்த அதே கணக்குத்தான். குவியல் நிற்கிற இந்தச் சரிவுக்கு ஓய்வுக் கோணம் என்று பெயர். ஈர மணலில் ஒட்டும் சேர்ந்துவிடும். அதனால்தான் கடற்கரையில் வீடு கட்டலாம்.

1852 இல் பேர்லினில் கொத்தில்ஃப் ஹாகன் என்ற பொறியியலாளர் பெட்டியின் அடியில் துளை போட்டு மணல் வெளியேறுவதை அளந்தார். குழாயில் திரவம் ஓடும் புவசேயின் சமன்பாட்டோடு சேர்த்துச் சொல்லப்படுகிற ஹாகன் இவர்தான். தண்ணீர்த் தாங்கியில் மட்டம் குறையக் குறைய ஓட்டமும் குறையும். மணலிலோ மேலே எவ்வளவு இருந்தாலும் ஓட்டம் கிட்டத்தட்ட மாறவில்லை. மணல் கடிகாரம் நேரம் காட்டுவது இதனால்தான். ஓட்டத்தைத் தீர்மானிப்பது துளையின் அகலம்: விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் ஓட்டம் ஐந்து மடங்குக்கும் மேலே கூடும்.

ஏன் இப்படி என்பதற்கு அடிக்கடி சொல்லப்படுகிற ஒரு விளக்கம் 1895 இல் பிறேமன் நகரத்துப் பொறியியலாளர் யான்சனிடமிருந்து வந்தது. தானியக் களஞ்சியத்தின் அடித்தளத்துக்கு எவ்வளவு பாரம் வரும் என்று அவர் மாதிரிகள் செய்து அளந்தார். தானியத்தை உயர்த்திக்கொண்டே போனால் அடிப் பாரம் ஓர் எல்லைக்கு மேல் கூடுவதில்லை. மிச்சத்தைப் பக்கச் சுவர்கள் உராய்வால் தாங்கிக்கொள்கின்றன. மருந்துத் தொட்டிக்கு இது கெட்ட செய்தி. துளைக்கு மேலே தூள் வளைவாக ஒரு பாலம் கட்டி நின்றுவிட்டால், அதற்கு மேலே இன்னும் எவ்வளவு கொட்டினாலும் அந்தப் பாலம் உடையும் என்று எதிர்பார்க்க முடியாது.

சின்னது ஓட மறுக்கும்

சீனியும் கோதுமை மாவும் ஒரே கரண்டியில் ஏன் வேறு வேறு மாதிரி நடக்கின்றன? துணிக்கையின் விட்டம் பத்து மடங்கு குறைந்தால் அதன் நிறை ஆயிரம் மடங்கு குறையும். துணிக்கைகளுக்கு இடையிலான கவர்ச்சி விசையோ ஏறத்தாழப் பத்து மடங்குதான் குறையும். நிறை இழுப்பதை விட ஒட்டு பலமாகிவிடும். விட்டம் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போகப் போக ஒட்டின் கைதான் ஓங்கும். மருந்துக்காரருக்கு இது இரட்டைத் தலையிடி: தண்ணீரில் லேசில் கரையாத மருந்தை உடம்பில் கெதியாகக் கரையவைக்க அதை நன்றாக அரைக்கவேண்டும், அரைத்தால் அது ஓடாது. பரசிட்டமோலும் அப்படியே விட்டால் நன்றாக ஓடுகிற, நன்றாக இறுகுகிற தூள் இல்லை.

பழைய தீர்வு எங்கட குசினிக்குள்ளேயே இருக்கிறது. புட்டுக்கு மாவில் கொதிதண்ணி விட்டுக் குழைத்து, பேணியால் கொத்தி உதிரியாக்குகிறோம் அல்லவா? மருந்துத் தொழிற்சாலையும் அதையேதான் செய்கிறது. மருந்துத் தூளில் ஒட்டுப்பொருள் கரைசல் விட்டுக் குழைத்து, அரிப்பில் தள்ளி, காயவைத்துக் குறுணியாக்குவார்கள். குறுணி பெரிது, பாரம் கூட, ஆகவே ஓடும்.

மற்றத் தீர்வுகளும் வேறு தொழில்களில் இருந்து வந்தவைதான். 1942 இல் ஜேர்மனியின் டெகுசா நிறுவனத்தில் ஹரி க்ளொப்ஃபர் உருவாக்கிய மிக நுண்ணிய சிலிக்கா, டயர் றப்பரில் போடுகிற கரிப்பொடிக்கு ஒரு வெள்ளை மாற்றாகத் தேடப்பட்டது. அது இன்றைக்குக் குளிசைத் தூளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகச் சேர்க்கப்படுகிறது. பெரிய துணிக்கைகளின் மேல் ஒட்டிக்கொண்டு அவை ஒன்றை ஒன்று தொடாமல் விலக்கி வைக்கும். 1955 இல் ரேயோன் நூல் செய்கிற அமெரிக்கன் விஸ்கோஸ் நிறுவனத்தில் ஓர்லண்டோ பற்றிஸ்ரா மரக்கூழிலிருந்து நுண்பளிங்குச் செலுலோசைப் பிரித்தெடுத்தார். 1960களில் அது குளிசைக்குள் வந்தது. இப்படிப்பட்ட பொருட்களால் பல மருந்துகளைக் குறுணியாக்காமலே நேரடியாக அமுக்கலாம் என்ற நிலை வந்தது. குழைத்தல், காயவைத்தல் இரண்டும் மிச்சம். ஆனால் ‘ஓடுமா?’ என்ற கேள்வி இப்ப முன்னையை விடக் கூர்மையாகிவிட்டது.

மூன்று பேர், ஆறு வருடம்

அளக்கும் முறைகளின் கதையில் 1961 முதல் 1967 வரையான காலம் முக்கியமானது.

அண்ட்றூ ஜெனிக்கே 1914 இல் வார்சோவில் பிறந்தவர். நாடு விட்டு வந்து, கடைசியில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் வேலை செய்தார். அந்தக் காலத்தில் நிலக்கரி, தாது, மா என்று எந்தத் தொழிற்சாலையிலும் தொட்டிகள் அடைத்துக்கொள்ளும். தொழிலாளி சுத்தியலால் தொட்டியில் அடிப்பார். அடிபட்ட பள்ளங்களைப் பார்த்தே எந்தத் தொட்டி பிழையானது என்று சொல்லிவிடலாம். ஜெனிக்கே கூலோமிடம் திரும்பிப் போனார். ஒரு வளையத்தின் மேல் இன்னொரு வளையம், உள்ளே தூள், மேலே பாரம். மேல் வளையத்தைப் பக்கவாட்டில் தள்ளி, தூள் வழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளப்பது. மண் பொறியியலில் இருந்த யோசனைதான், ஆனால் தூளுக்கு ஏற்றமாதிரி மாற்றப்பட்டது. 1961 இலும் 1964 இலும் யூட்டாவிலிருந்து வந்த அவருடைய இரண்டு வெளியீடுகள், இந்த அளவைக் கொண்டு தொட்டியின் சரிவையும் வாயையும் எவ்வளவு வைக்கவேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டின. தூளின் மேலிருக்கிற அமுக்கத்தை, அந்த அமுக்கத்தால் தூள் பெறுகிற பலத்தால் பிரித்தால் ஒரு இலக்கம் வரும். அது 10 இற்கு மேலே என்றால் தாராளமாக ஓடும். 2 இற்குக் கீழே என்றால் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

1965 இல் றால்ஃப் கார் என்பவர் இரசாயனப் பொறியியல் சஞ்சிகை ஒன்றில் இதைவிட மிக எளிய வழி ஒன்றைச் சொன்னார். சுண்டுக் கணக்குத்தான் அது. 100 கிராம் தூளை அளவுருளைக்குள் மெல்லச் சொரியுங்கள். 200 மில்லிலீற்றர் இடம் பிடிக்கிறது என்று வைப்போம். இப்ப உருளையைத் தட்டுங்கள். 150 இல் வந்து நிற்கிறது. குறைந்தது 50, இது 200 இல் 25 வீதம். இதுதான் கார் சுட்டி. குறைவாக இறங்கும் தூளின் துணிக்கைகள் ஏற்கெனவே ஒன்றை ஒன்று விட்டுக்கொடுத்து ஒழுங்காக அடுங்கியிருக்கின்றன, ஆகவே ஓடும். நிறைய இறங்கும் தூள் ஒட்டினால் இடைவெளி விட்டு முண்டுகொடுத்து நின்றிருக்கிறது. 1967 இல் ஹென்றி ஹவுஸ்னர் இதே இரண்டு அளவுகளையும் ஒன்றை ஒன்றால் பிரித்தார். எங்கட உதாரணத்தில் 200 ஐ 150 ஆல் பிரிக்க 1.33. ஹவுஸ்னர் எழுதியது மருந்தைப் பற்றி அல்ல, உலோகத் தூளைப் பற்றி.

ஏழு சொற்கள்

பிறகு இந்த முறைகள் மருந்துத் தரநூல்களுக்குள், அதாவது ஃபார்மகோப்பியாக்களுக்குள், வந்தன. இன்றைக்கு அமெரிக்க, ஐரோப்பியத் தரநூல்கள் நாலு வழிகளைச் சொல்கின்றன: ஓய்வுக் கோணம், தட்டி அளக்கும் சுட்டி, துளையால் ஓடும் வேகம், ஜெனிக்கேயின் வழியில் வந்த வழுக்கற் சோதனை. தட்டுவதற்கும் சட்டம் இருக்கிறது. இயந்திரம் உருளையை 3 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து நிமிடத்துக்கு 250 தடவை, அல்லது 14 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து 300 தடவை விழுத்தவேண்டும். 10, 500, 1250 தட்டல்களில் மட்டத்தை வாசிக்கவேண்டும்.

வந்த இலக்கத்தை ஏழு தரமாகப் பிரிக்கிறார்கள். கார் சுட்டி 10 வரை என்றால் மிகச் சிறப்பு, 11 முதல் 15 நன்று, 16 முதல் 20 பரவாயில்லை, 21 முதல் 25 ஒப்புக்கொள்ளலாம். அதற்குப் பிறகு மோசம், மிக மோசம், மிக மிக மோசம். ஓய்வுக் கோணத்தில் 25 முதல் 30 பாகை மிகச் சிறப்பு. 66 ஐத் தாண்டினால் கடைசித் தரம். பரீட்சைப் பெறுபேறு மாதிரியே இருக்கிறது என்று எங்களுக்குள் சிரித்தோம். பெறுபேற்றைப் போலவே இதையும் கவனமாகத்தான் வாசிக்கவேண்டும்.

ஓய்வுக் கோணம் தூளுக்கே உரிய பண்பு அல்ல என்று தரநூலே ஒத்துக்கொள்கிறது. எந்த உயரத்திலிருந்து கொட்டினீர்கள், என்ன அடித்தளம் என்பதைப் பொறுத்து அது மாறும். ஈரப்பதமும் மாற்றும், மாரி காலத்தில் கட்டியாகிற உப்புப் போத்தலைக் கேட்டால் சொல்லும். எந்த ஒரு எளிய சோதனையும் தனியாகத் தூளின் முழுக் குணத்தையும் சொல்லாது என்பதும் அங்கேயே எழுதியிருக்கிறது. அதைவிட, ‘மிகச் சிறப்பு’ எப்பவும் நல்லதும் அல்ல. மிக்ஸர் பைக்கற்றைக் குலுக்கினால் கடலை மேலே வந்து தூள் அடியில் போகிறதல்லவா? நன்றாக ஓடும் கலவையில் சின்னதும் பெரிதும் அப்படித்தான் பிரியும். தைரொயிட் குறைபாட்டுக்குக் குடிக்கிற ஒரு குளிசை 100 மில்லிகிராம் நிறை, அதில் மருந்து 50 மைக்ரோகிராம் என்று வைத்தால், 2000 பங்கில் ஒரு பங்குதான் மருந்து. கலவை வழியில் பிரிந்துபோனால் எல்லாக் குளிசையும் ஒரே நிறையில் இருக்கும், ஆனால் மருந்து ஒன்றில் கூட, ஒன்றில் குறைய. தராசுக்கு அது பிடிபடாது. அதனால்தான் குளிசைகளின் நிறையைப் பார்க்கிற சோதனையோடு, குறைந்த அளவு மருந்துள்ள குளிசைகளில் ஒவ்வொன்றாக மருந்தின் அளவைப் பார்க்கிற சோதனையும் கட்டாயமாகிறது.

அப்படியென்றால் இந்த எளிய சோதனைகளைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லாரும் ஜெனிக்கேயின் வழிக்கே போகலாமே? இந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. எங்களில் சிலர் சொன்னது, பிழையாக வழிநடத்தக்கூடிய இலக்கம் இலக்கமே இல்லாததை விட ஆபத்து என்று. மற்றவர்கள் சொன்னது, கண்ணாடி உருளையும் தராசும் எந்த நாட்டின் சின்ன ஆய்வுகூடத்திலும் இருக்கும். வழுக்கற் சோதனை இயந்திரமும் அதை இயக்கப் பயின்றவரும் இருக்கமாட்டார்கள் என்று. இரண்டு பக்கத்தையும் கேட்ட பிறகு நாங்கள் வந்து சேர்ந்த இடம் இது: கார் சுட்டி ஒரு எச்சரிக்கை மணி. நேற்று 18 வந்த அதே தூளுக்கு இன்றைக்கு 27 வந்தால், ஏதோ மாறியிருக்கிறது, இயந்திரத்தைப் போடமுதல் பாருங்கோ எண்டு சொல்லும். என்ன மாறியது, தொட்டி அடைக்குமா என்பதை அது சொல்லாது. அந்த வேலையை அதன் தலையில் கட்டினால்தான் பிழை.

இந்தக் கேள்வி பழசாகிப் போகவும் இல்லை. 2015 இல் அமெரிக்காவில் தொடர் உற்பத்தி முறையில் செய்த ஓர்காம்பி என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. தொகுதி தொகுதியாகக் கலக்காமல், ஒரு பக்கம் தூள் போய்க்கொண்டே இருக்க மறுபக்கம் குளிசை வந்துகொண்டே இருக்கிற முறை அது. அங்கே தூள் ஒரு நிமிடம் தயங்கினாலும் அந்த நிமிடத்துக் குளிசைகளில் தெரியும். கூலோமின் இரண்டு சொற்களான ஒட்டும் உராய்வும் அங்கேயும் மேசையில் இருக்கின்றன.

வீட்டில் செய்து பார்க்க விரும்பினால் செலவில்லை. கடதாசியில் ஒரு புனல் சுருட்டி, சீனி, வறுத்த அரிசி மா, கோதுமை மா மூன்றையும் ஒரே உயரத்திலிருந்து தட்டில் கொட்டுங்கள். குவியலின் உயரத்தை அதன் அடி ஆரையால் பிரித்தால் கோணத்தின் தான்சன் வரும். உயரம் 4 சென்ரிமீற்றர், ஆரை 5 என்றால் கோணம் ஏறத்தாழ 39 பாகை, அட்டவணையில் ‘பரவாயில்லை’. ஒவ்வொன்றையும் மூன்று தரம் செய்யுங்கள். மூன்று தரமும் ஒரே விடை வருவது கஷ்டம், கோதுமை மா புனலாலேயே இறங்காமலும் விடலாம். அப்ப புனலைத் தட்டுவீர்கள். தொழிற்சாலைத் தொட்டியில் சுத்தியலால் அடித்தவர் செய்ததும் அதைத்தான்.